முதலில் எது கெடும்?

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு மவுஸ் கெட்டாலும் அது கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும். எனக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரியும் என்பது ஒரு தீபாவளியன்று எல்லாருக்கும் தெரிந்துபோனதிலிருந்து இப்படித்தான். சித்தப்பா மகன் இரண்டு கொண்டுவந்தான். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஓர் அம்மா தன் பையனுடைய கீபோர்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்ப்பேன். முடிந்தால் சரி செய்வேன்; முடியாவிட்டால் திருகாணியையும் வயரையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். ஐந்தாறு ஆண்டுகளில் இருபதுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. அவற்றில் ஒன்றுகூட விளக்கு எரியவில்லை என்று வந்ததில்லை. சென்சர் கெட்டுப்போய் வந்ததும் இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் எதுவும் சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் பெட்டியில் பேரே போடாத சின்னச் சின்னப் பொருள்கள்தான்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் என் அக்கா மகன். எஸ்பிஎம் எழுதி முடித்துவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று பெட்ரோல் நிலையத்தில் பகுதி நேர வேலைக்குப் போனான். சம்பளத்தில் அம்மாவிடம் ஒரு பங்கு கொடுத்தது போக 400 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்திருந்தான். அவன் விளையாடுவது வெலோரன்ட். நான்கு ஆண்டுகள் உழைத்த பழைய கீபோர்டில் 'டபிள்யூ' விசை பாதி நேரம் வேலை செய்யவில்லை. அந்த விசை வேலை செய்யாவிட்டால் விளையாட்டில் ஆள் முன்னால் நகர மாட்டான்.

அத்தானுக்கு இதில் உடன்பாடு இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 72 சென். மனிதர் கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாப்பத்தாறு மணி நேரம் கவுண்டர்ல நின்ன காசு தம்பி. அதைக் கொண்டுபோய் வெளையாட்டுச் சாமான்ல போடுறான்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த 46 மணி நேரத்துக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி வாங்க வேண்டும் என்பதுதான் எனக்கும் கவலை.

பையன் இணையக் கடையில் இரண்டைக் குறித்து வைத்திருந்தான். ஒன்று, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், மவுஸ் விரிப்பு நான்கும் சேர்த்து 89 வெள்ளி. வானவில் மாதிரி எரியும். இன்னொன்று, பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் வயரில்லா மவுஸ். அது மட்டுமே 600 வெள்ளிக்கு மேல். கடன் வாங்கித்தான் எட்ட வேண்டும்.

"ரெண்டும் வேணாம்டா" என்றேன்.

"அப்ப எது மாமா நல்லது?"

எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் இருப்பில் உள்ளதைக் காட்டுவார். எது முதலில் கெடும், கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். 89 வெள்ளியை நான்கால் வகுத்தால் ஒரு பொருளுக்கு 22 வெள்ளி சொச்சம். அதில் விற்பவர் லாபம், அனுப்பும் செலவு, அட்டைப்பெட்டி, அந்த வானவில் விளக்கு எல்லாம் போக, விரல் அடி வாங்கும் பாகத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 600 வெள்ளி மவுஸில் நல்ல பாகங்கள் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எடை குறைவுக்கும் வயரில்லாத வசதிக்கும் பெயருக்கும் போகிறது. ஆறு மடங்கு விலை என்பதால் ஆறு மடங்கு நாள் உழைக்கப் போவதில்லை.

மவுஸை முதலில் பார்ப்போம். சுடும் விளையாட்டுகளில் குறி பார்ப்பது அதுதான், கெடுவதும் முதலில் அதுதான். என்னிடம் வந்தவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே வியாதி. ஒருமுறை அழுத்தினால் கணினி அதை இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துவிடும். இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவி விழும். காரணம் இடப்பக்கப் பொத்தானுக்கு அடியில் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச், அதற்குள் வளைந்த மெல்லிய செப்புத் தகடு. பொத்தானை அழுத்தும்போது தகடு துள்ளி எதிர்முனையைத் தொடுகிறது. 'கிளிக்' என்று நம் காதில் விழுவது அந்தத் துள்ளல்தான். லட்சக்கணக்கான முறை துள்ளிய பிறகு தகடு தளர்ந்துவிடுகிறது, தொடும் முனை கறுத்துப்போகிறது. அதன் பிறகு ஓர் அழுத்தலுக்கு ஒழுங்காக ஒருமுறை தொடாமல், தொட்டு, விலகி, மறுபடி தொடும்.

இந்தச் சுவிட்சுக்கு 10 மில்லியன், 20 மில்லியன், 50 மில்லியன் அழுத்தல் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆலையில் இயந்திரம் ஒரே சீராக அழுத்திப் பார்த்த கணக்கு அது. நம் பிள்ளைகள் வியர்த்த விரலோடு, தோற்ற கோபத்தோடு அழுத்துவது வேறு. இரண்டு மவுஸுக்கு விலை ஒன்றானால் எண் கூடியதை எடுங்கள். ஆனால் அந்த எண்ணை வாக்குறுதியாக நம்பிவிடாதீர்கள். 20 மில்லியன் என்று போட்டிருந்த ஒன்று ஓராண்டில் இரட்டை அடி அடிக்க ஆரம்பித்து என் மேசைக்கு வந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஆப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸ் வாங்கலாம். அதில் உலோகம் உலோகத்தைத் தொட்டு மின்சாரம் பாய்வதில்லை. அழுத்தும்போது ஓர் ஒளிக்கதிர் மறைவதையோ திறப்பதையோ வைத்துத்தான் அது அடியை அறிகிறது. தகடு கறுத்துப்போகும் வியாதிக்கு அங்கே இடமில்லை. முன்பு விலை கூடிய மவுஸில் மட்டும் இருந்தது, இப்போது நடுத்தர விலைக்கும் இறங்கிவிட்டது. இரண்டாவது வழி, பழைய மாதிரிச் சுவிட்சே இருக்கட்டும், கெட்டால் மாற்றிக்கொள்வது. சுவிட்ச் ஒன்று சில வெள்ளிதான், மூன்றே கால்கள். பற்றவைக்கத் தெரிந்தவருக்குக் கால் மணி நேர வேலை. அப்படியானால் பலரும் வாங்கும் மாடலாக எடுப்பது நல்லது. அதைப் பிரித்து மாட்டும் முறையை யாராவது படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். கீழே ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையும் தனியாகக் கிடைக்கும். அந்தப் பட்டைக்கு அடியில்தான் திருகாணிகள் ஒளிந்திருக்கும், உரிக்காமல் திறக்க முடியாது.

டிபிஐ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பையன் அதில்தான் மயங்கிக் கிடந்தான். ஓர் அங்குலம் நகர்த்தினால் சென்சர் எத்தனை அடியாக எண்ணுகிறது என்பதே அந்த எண். 16,000, 26,000 என்று போட்டி போட்டுக்கொண்டு அச்சடிக்கிறார்கள். சுடும் விளையாட்டில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்வது 400 முதல் 1,600 வரைதான். அதற்கு மேல் போனால் கை லேசாக நடுங்கினாலும் குறி சுவரைத் தாண்டிப் போய்விடும். பெயர் தெரிந்த நிறுவனங்களின் தொடக்க விலை மவுஸில் உள்ள சென்சரே இதற்குத் தாராளமாகப் போதும். லாஜிடெக் ஜி102, ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் போன்றவை சலுகை நாள்களில் 100 வெள்ளிக்குள் கிடைக்கின்றன. அந்தக் காசில் கை பழக ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

நம் ஊர் வெப்பத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. பிடிப்புக்காக மவுஸ் மேல் மெத்தென்று ரப்பர் பூச்சு பூசியிருப்பார்கள். கடையில் தொட்டால் சுகமாக இருக்கும். ஈரக்காற்றிலும் கை வியர்வையிலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும், தூசியெல்லாம் ஒட்டும். ஆல்கஹால் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும், ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். வெறும் பிளாஸ்டிக் மேல்பகுதி பார்க்க ஏழையாக இருந்தாலும் நீடித்து உழைக்கும்.

வயரில்லாதது வேண்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் செருகியோடு வருவதாக இருக்கட்டும். புளூடூத் மட்டும் உள்ளது அலுவலக வேலைக்குச் சரி, சுடும் விளையாட்டுக்குத் தாமதமாகும். உள்ளேயே பூட்டிய பேட்டரியைவிடச் சாதாரண 'டபுள் ஏ' பேட்டரி போடும் வகை நீண்ட நாள் வரும். பூட்டிய பேட்டரிக்கு வயதானால் நல்ல மவுஸும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அளவு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்க வேண்டாம். ஒரு வாரநாளில் பையனை லோ யாட் பிளாசாவுக்கு அழைத்துப் போனேன். வார இறுதியில் போனால் நின்று பிடித்துப் பார்க்க விடாமல் கூட்டம் தள்ளும். ஏழெட்டைக் கையில் வாங்கி, உள்ளங்கை படிகிறதா, கட்டைவிரல் பக்கப் பொத்தானை நோகாமல் எட்டுகிறதா என்று பார்த்தான். அவன் ஆசைப்பட்ட அந்த 600 வெள்ளி மவுஸும் அங்கே இருந்தது. பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குப் பெருசா இருக்கு மாமா" என்று அவனே வைத்துவிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 79 வெள்ளிக்கு வயர் உள்ள ஒன்றை எடுத்தோம்.

கீபோர்டுக்கு வருவோம். 30, 40 வெள்ளிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மெம்பிரேன் வகை. விசைகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, அதில் குமிழ் குமிழாக இருக்கும். அதற்குக் கீழே கம்பித்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். குமிழ் தளர்ந்தாலோ தடம் அரித்தாலோ ஒரு விசைக்காக மொத்தமும் போச்சு. அலுவலகக் கடிதம் அடிக்க அது குறைவில்லாத பொருள். ஆனால் விளையாட்டில் ஒரே நான்கு விசைகள்தான் நாள் முழுக்க அடி வாங்குகின்றன. ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டிய பொருளில் நான்கு இடம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. என் மருமகனின் 'டபிள்யூ' செத்த கதை இதுதான்.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த வடிவத்தைத்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். அந்த வடிவத்துக்கான காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கெய்ல், அவுடெமு என்று சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கின. விலை மளமளவென்று இறங்கியது. நான் படிக்கிற காலத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வைத்திருந்த பொருள் இன்றைக்கு 200 வெள்ளிக்குள் வருகிறது.

இங்கே ஒரு சொல் விளையாட்டு நடக்கிறது, கவனம். பெட்டியில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று போட்டிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை. மெம்பிரேன்தான், கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி செய்தது. ஒரு விசை மூடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடியில் கூட்டல் குறி வடிவத்தில் வண்ணத் தண்டு நின்றால் பெரும்பாலும் மெக்கானிக்கல். கடையில் பிடுங்க விடமாட்டார்கள் என்றால், காட்சிக்கு வைத்திருப்பதைக் கேளுங்கள்.

மெக்கானிக்கலிலும் நான் தேடச் சொன்னது 'ஹாட் ஸ்வாப்' என்ற வசதி. சுவிட்சைப் பற்றவைக்காமல், துளையில் செருகி மட்டும் வைத்திருப்பார்கள். கெட்டதை இடுக்கியால் பிடுங்கி, புதியதை நேராகச் செருகினால் முடிந்தது. பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம், வயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும் என்பது மட்டும் விதி. சாய்த்துச் செருகினால் கால் மடங்கும்; நிமிர்த்திவிட்டு மறுபடி செருகலாம். வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று கால், ஐந்து கால் இரண்டும் ஏற்குமா? சில மலிவுக் கீபோர்டுகளில் துளை குறுகலாக இருக்கும், மெல்லிய கால் உள்ள சுவிட்ச் மட்டுமே போகும். அதில் தவறில்லை, மாற்றுச் சுவிட்ச் வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசைகள் ஒரே நேரத்தில் எத்தனை பதிவாகின்றன என்பதைச் சோதிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இஸட் வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சில எழுத்துகள் திரையில் வராமல் போனால், விளையாட்டில் ஓடிக்கொண்டே குனிந்து குதிக்க வேண்டிய நேரத்திலும் ஏதோ ஒன்று வராமல் போகலாம்.

எத்தனை விசை வேண்டும் என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. பையனுக்கு 61 விசை உள்ள குட்டிக் கீபோர்டுதான் வேண்டுமாம், மவுஸ் நகர்த்த இடம் கிடைக்கும் என்றான். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதே கணினியில்தான் இரவில் பயிற்சித்தாள் தயாரிப்பார். 61 விசையில் அம்புக்குறி விசைகள் தனியாக இல்லை, வேறொரு விசையைச் சேர்த்துப் பிடித்தால்தான் வரும். "ஒரு புள்ளி வைக்க ரெண்டு கையும் வேணுமா? என்னால ஆவாது" என்று அக்கா சொல்லிவிட்டார். 87 விசை உள்ளதில் எண்பலகை மட்டும்தான் இருக்காது, அம்புக்குறி இருக்கும். அதில் சமாதானம் ஆனார்கள். தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டு வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒட்டுத்தாள் வியர்வையில் உரிந்துவிடும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் அஞ்சல் முறையில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தாலே தமிழில் வந்துவிடும். எந்தக் கீபோர்டும் தமிழ்க் கீபோர்டுதான்.

விசை மூடியில் ஏபிஎஸ், பிபிடி என்று இரண்டு பிளாஸ்டிக். ஏபிஎஸ் சில மாதங்களிலேயே எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். பிபிடி சொரசொரப்பாகவே இருக்கும். அழகுக்கு மட்டுமான விஷயம் என்பதால் இதற்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எழுத்து மேலே அச்சடித்ததா, மூடியோடு சேர்த்து வார்த்ததா என்று பாருங்கள், போதும். வார்த்தது அழியாது.

நம் வீடுகளில் கீபோர்டின் முதல் எதிரி தே தாரிக். தண்ணீர் கொட்டினால் காயும். கெட்டிப்பால் கொட்டினால் காய்ந்து பசையாகும், இரண்டாம் நாள் எறும்பு வரும். எறும்பு கூடு கட்டிய கீபோர்டை நான் திறந்திருக்கிறேன், முட்டையோடு. கொட்டினால் உடனே வயரைப் பிடுங்கி, கவிழ்த்து வையுங்கள். ஹாட் ஸ்வாப் என்றால் நனைந்த இடத்துச் சுவிட்சுகளை மட்டும் பிடுங்கி, அடியை ஆல்கஹாலில் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மாட்டலாம். அப்போதும் ஒட்டுகிற சுவிட்சைத் தூக்கிப் போட்டால் நட்டம் ஒன்றிரண்டு வெள்ளி. வயரும் 'சி' வகைச் செருகியோடு தனியாகக் கழல்வதாக இருக்கட்டும். நாற்காலிச் சக்கரம் ஏறி வயர் நைந்தால் வயரை மட்டும் மாற்றலாம்.

உத்தரவாதம் பற்றி ஒரு வரி: உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாதமா, விற்பவர் சொந்தமாகக் கொடுப்பதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். கடை கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம்.

கணக்கு இப்படி முடிந்தது. மவுஸ் 79, கீபோர்டு 169, துணி விரிப்பு 15. மொத்தம் 263 வெள்ளி. மீதிப் பணம் அவன் கையில் இருந்தது. அத்தானுக்கு இன்னும் முழுமனது இல்லை, ஆனால் ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொண்டவர் அவர்தான்.

சத்தம்தான் பாக்கி. சுவிட்சுகளில் நீலம் 'டிக் டிக்' என்று கத்தும், பழுப்பு விரலில் தட்டுப்படும், சிவப்பு தடையில்லாமல் இறங்கும். எங்கள் அம்மா அக்கா வீட்டு முன்கூடத்தில்தான் படுப்பார், பையன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதனால் நீலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை, சிவப்புதான் வாங்கினோம். அதுவும் அடியில் மோதும்போது தட்டும், இடைவெளி விசை எல்லாவற்றையும்விடச் சத்தமாக. மூன்றாம் நாள் அம்மாவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்துவிட்டது: "என்னத்த வாங்கிக் கொடுத்த, ராத்திரியெல்லாம் ஆணி அடிக்கிறான்."

உள்ளே மெத்தை வைத்த 'சைலன்ட்' சுவிட்சுகள் பத்து, 18 வெள்ளிக்கு வரவழைத்தோம். நடக்கும் நான்கு விசைகள், இடைவெளி, என்டர், பேக்ஸ்பேஸ், இடப்பக்க ஷிஃப்ட் என்று எட்டு இடத்தில் அவனே பிடுங்கி அவனே மாட்டினான். இரண்டைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் பாட்டி அவனிடம், "ராத்திரி வெளையாடலயாடா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.